விடைத்தாள் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும்

52-லிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் நான்காம் வகுப்பில் பெரும்பாலும் நான்கு விதமான விடைகள் வரும். 24 என்று எழுதும் குழந்தைக்குக் கழித்தல் தெரியும். 36 என்று எழுதும் குழந்தை, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பாராமல் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துவிட்டது. 8-ல் 2 போக 6, 5-ல் 2 போக 3. 34 என்று எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. 12-ல் 8 போக 4 என்று சரியாகவே போட்டிருக்கிறது. கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டதை மட்டும் மறந்துவிட்டது. 80 என்று எழுதிய குழந்தை குறியைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறது.

மதிப்பெண் பதிவேட்டில் பின்னவர் மூவருக்கும் பூஜ்யம்தான். ஆனால், மறுநாள் காலையில் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது வெவ்வேறு. 36 எழுதிய குழந்தைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் ஆகும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 34 எழுதிய குழந்தைக்கு, கடன் கொடுத்த எண்ணை அடித்துத் திருத்தி எழுதும் பழக்கம் போதும். 80 எழுதிய குழந்தையை இன்னொரு முறை கேட்டாலே சரியாகச் சொல்லிவிடக்கூடும். மாணவர் மதிப்பீட்டுத் தரவு என்று கல்வித் துறை சொல்வதன் மதிப்பெல்லாம் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்தான் இருக்கிறது. அது பூஜ்யமாகச் சுருங்கிய நொடியிலேயே, பள்ளியை மேம்படுத்த உதவக்கூடிய பகுதி கழன்று விழுந்துவிடுகிறது.

கேள்வியை அமைப்பதிலும் நுட்பம் உண்டு. 28-க்குப் பதில் 27 என்று கொடுத்திருந்தால் மேற்சொன்ன முதல் இரண்டு தவறுகளும் 35 என்ற ஒரே விடையில் வந்து கலந்துவிடும். எந்தக் குழந்தை எங்கே இடறியது என்பது அப்போது விடைத்தாளைப் பார்த்தாலும் தெரியாது. வினாத்தாள் தயாரிப்பவர் ஓர் இலக்கத்தை மாற்றிப்போட்டால் கிடைக்கும் தகவல் மாறிவிடுகிறது.

வாசிப்பிலும் இப்படித்தான். ‘தமிழ் வாசிக்கத் தெரியவில்லை’ என்பது நோய் இன்னதென்று சொல்லாமல் உடம்பு சரியில்லை என்பதைப் போன்றது. அகர வரிசை முழுவதையும் ஒப்பிக்கும் குழந்தை, ‘கொக்கு’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் நிற்கலாம். இன்னொரு குழந்தை எழுத்துக்கூட்டி ஒவ்வொரு சொல்லையும் சரியாகவே வாசிக்கும். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். முதல் குழந்தைக்குத் தேவை உயிர்மெய்க் குறியீடுகளில் பயிற்சி. இரண்டாம் குழந்தைக்குத் தேவை எளிய கதைப் புத்தகங்கள், நிறைய, தினமும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் தேர்ச்சிப் பகுப்பாய்வு தயாராகிறது. தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், விழுக்காடு, முதல் மூன்று இடங்கள், பாடவாரியாகச் சராசரி எனக் கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. இந்தப் படிவம் தலைமையாசிரியரிடமிருந்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும் போகிறது. ஆய்வுக் கூட்டத்தில் விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நிற்கிறார். எந்தக் கேள்வியில் வகுப்பில் பாதிப்பேர் தவறினார்கள், என்ன தவறு செய்தார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அந்தத் தகவல் முழுவதும் விடைத்தாள் கட்டில் இருக்கிறது. கட்டு நூலால் கட்டப்பட்டு அலமாரியின் மேல் ஏறுகிறது. ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

மதிப்பீடுகள் எல்லாம் ஒரே வேலைக்கானவை அல்ல. ஆசிரியர் வகுப்பிலேயே நடத்தும் வளரறி மதிப்பீடு, மறுநாள் பாடத்தைத் தீர்மானிக்க உதவுவது. பருவத் தேர்வு, பள்ளி தன் திட்டத்தைச் சரிபார்க்க உதவுவது. மாதிரி எடுத்து நடத்தும் பெரிய ஆய்வுகள், பாடநூலிலும் ஆசிரியர் பயிற்சியிலும் எங்கே கோளாறு என்று அரசுக்குச் சொல்பவை. பொதுத்தேர்வு, மாணவரின் அடுத்த படிப்புக்கான சான்று. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. தேசிய அடைவுத் தேர்வு 2021 நவம்பர் 12-ம் தேதி நடந்தது. முடிவு 2022 மே மாதம் வெளியானது. அதை அடுத்து வந்த ‘பரக்’ ஆய்வு 2024 டிசம்பர் 4-ம் தேதி நடந்தது. அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. தேர்வு எழுதிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் அறிக்கை வந்தபோது நான்காம் வகுப்பில் இருந்தார்கள். மாவட்டத்தின் சராசரியைச் சொல்வதற்காக எடுக்கப்பட்ட மாதிரியைக் கொண்டு தனியொரு பள்ளியைத் திருத்தவும் முடியாது. இது அந்த ஆய்வுகளின் குறை அல்ல. அவற்றைக் காட்டிப் பள்ளிகளை மிரட்டுவதுதான் தவறு.

‘அசர்’ ஆய்வு 2005 முதல் வேறு வழியில் போகிறது. பிரதம் அமைப்பு தொடங்கிய இந்த ஆய்வில் தன்னார்வலர்கள் ஊரக வீடுகளுக்கே சென்று, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சிறுகதை. கணக்கில் எண்களை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். அவ்வளவுதான் கருவி. இந்திய அளவில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்த அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-ல் 20.9 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022-ல் 16.3; 2024-ல் 23.4. வீட்டுக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியில் நடக்கும் எந்தத் தேர்விலும் அன்று வராத குழந்தை கணக்கில் வராது. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விட்டவள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டவள், வாசிக்கச் சொல்வார்களே என்று பயந்து வராதவன் ஆகியோர்தான் பெரும்பாலும் அந்த வராதவர்கள். வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத பகுப்பாய்வு, உதவி அதிகம் தேவைப்படுபவர்களை முதலிலேயே விட்டுவிடுகிறது.

தரவு கிடைத்தாலே பள்ளி திருந்திவிடும் என்ற நம்பிக்கை இந்தியாவிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தில் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்த 100 ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, அவர்களுடைய மாணவர்கள் எந்தெந்தத் திறனில் பின்தங்கியிருக்கிறார்கள் என்ற விரிவான அறிக்கை தரப்பட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கமும் கூடவே போனது. வகுப்புகளைப் பார்வையிட்டபோது அந்த ஆசிரியர்கள் மற்றவர்களைவிட அதிக ஈடுபாட்டோடு பாடம் நடத்துவதாகவே தெரிந்தது. ஆண்டு முடிவில் தேர்வு வைத்துப் பார்த்தால், அறிக்கை பெற்ற பள்ளிக் குழந்தைகளுக்கும் பெறாத பள்ளிக் குழந்தைகளுக்கும் வேறுபாடு இல்லை.

மத்தியப் பிரதேசத்தில் கிடைத்த பாடம் இன்னும் கசப்பானது. அங்கே 1,774 பள்ளிகளில் நேர்த்தியான தர மதிப்பீடு செய்யப்பட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் குறைகளை ஒட்டித் தனியாக மேம்பாட்டுத் திட்டமும் வகுக்கப்பட்டது. மதிப்பீடுகள் உண்மையில் நடந்தன. திட்டங்களும் காகிதத்தில் நன்றாகவே இருந்தன. ஆனால், கற்பிக்கும் முறையோ ஆசிரியர் வருகையோ குழந்தைகளின் கற்றலோ மாறவில்லை என்று முரளிதரனும் அபிஜீத் சிங்கும் கண்டார்கள். முடிவு வருவதற்கு முன்பே திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு, நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்துவிட்டது. படிவங்களை நிரப்பி மேலே அனுப்புவதோடு வேலை முடிந்தது என்றே பள்ளிகள் அதைப் புரிந்துகொண்டன. இதில் தலைமையாசிரியர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது படிவம் மட்டும்தான்.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2005-06-ல் நடந்த ஆய்வு பெற்றோர் பக்கத்திலிருந்து இதே கேள்வியைக் கேட்டது. கிராமக் கூட்டங்கள் நடத்தி, குழந்தைகளின் வாசிப்பை ஊர் மக்களே சோதிக்கக் கற்றுக்கொடுத்து, ஊர்வாரியாக நிலவரம் தொகுக்கப்பட்டது. கோபம் வரும், பள்ளியைத் தட்டிக்கேட்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. பள்ளியில் எதுவும் மாறவில்லை. அதே மாவட்டத்தில் உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்து மாலையில் வாசிப்பு முகாம் நடத்தச் சொன்ன கிராமங்களில், முகாமுக்கு வந்த குழந்தைகள் கணிசமாக முன்னேறினார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தரவுக்கும் கற்றலுக்கும் நடுவே இருப்பது வேலை என்று தெரிகிறது. குறிப்பிட்ட குழந்தைக்கு, குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட ஆள், கையில் ஏற்ற பொருளோடு உட்கார வேண்டும். அதற்கு ஏற்பாடு இருந்த இடத்தில் தரவு பலன் தந்தது. இல்லாத இடத்தில் எவ்வளவு துல்லியமான தரவும் வீணானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோர் மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்போடு சேர்ந்து 2001 முதல் நடத்திய ஆய்வில், பின்தங்கிய குழந்தைகளை அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படையிலிருந்து சொல்லித்தந்தார்கள். அந்தக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். வயதை விட்டு, இப்போதைய நிலையை வைத்துக் குழுப் பிரிக்கும் முறை அதன் பிறகுதான் பல மாநிலங்களுக்குப் பரவியது.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறியது. அட்டையை முடித்ததும் அடுத்த அட்டை. மதிப்பீடு அந்த ஏணியிலேயே ஒரு படியாக இருந்ததால் தனித் தேர்வு தேவைப்படவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சிநூலைக் கொடுத்தது. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, பிறகு ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது. 2025-ல் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை திறன் திட்டம் வந்தது. அடிப்படைத் திறன் இல்லாமல் நடுநிலை வகுப்புக்கு வந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதே அதில் பாராட்டத்தக்கது.

இல்லம் தேடிக் கல்வியின் அனுபவம் தனியாகக் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை 2019-லேயே சோதித்து வைத்திருந்த ஆய்வாளர்கள், பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின் 2021 டிசம்பரில் அவர்களை மீண்டும் சோதித்தபோது இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. மொழியைவிடக் கணக்கில் அதிகம். பள்ளி திறந்த பின் சுமார் ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகியிருந்தது. ஈடானதில் ஏறத்தாழ கால் பங்கு, தெருவிலும் திண்ணையிலும் மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதே குழந்தைகளைத் திரும்பவும் அளந்ததால்தான் இப்படிச் சொல்ல முடிந்தது. இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பையும் சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பையும் ஒப்பிட்டிருந்தால் ஒப்பிடப்பட்டவர்கள் வேறு வேறு குழந்தைகளாக இருந்திருப்பார்கள்.

பள்ளிகளை வரிசைப்படுத்தும் பழக்கம் அந்தத் தவறைத்தான் செய்கிறது. ஈராசிரியர் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்பில் சென்ற ஆண்டு 12 பேர்; அவர்களில் 9 பேருக்கு வகுத்தல் தெரியும்; 75 விழுக்காடு. இந்த ஆண்டு 10 பேர், 7 பேருக்குத் தெரியும், 70 விழுக்காடு. ஐந்து விழுக்காடு சரிவு என்று ஆய்வுக் கூட்டத்தில் கேள்வி வரும். இன்னும் ஒரே ஒரு குழந்தைக்கு வகுத்தல் வந்திருந்தால் அது 80 விழுக்காடு, ஐந்து விழுக்காடு உயர்வு என்று கைதட்டல் கிடைத்திருக்கும். இவ்வளவு சிறிய பள்ளிகளில் விழுக்காடு பேசுவதே பொருத்தமில்லாதது. பெயர் சொல்லிப் பேசலாம், மூன்று குழந்தைகள்தானே.

தரவு தீர்ப்பாக மாறினால் அது பொய் சொல்லத் தொடங்கும். எந்த அளவுகோலைத் தண்டனைக்கும் பரிசுக்கும் அடிப்படையாக்குகிறோமோ அது சிதைந்துபோகும் என்று அமெரிக்க சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970-களிலேயே எச்சரித்தார். அட்லாண்டா நகரில் 2011-ல் வெளியான விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் முறைகேட்டில் ஈடுபட்டதாகச் சொன்னது. மாணவர்களின் விடைகளை அழித்துத் திருத்தியது அதில் முக்கியமானது. மத்தியப் பிரதேச அரசுப் பள்ளிகளின் அதிகாரபூர்வத் தேர்வுத் தரவுகள் குழந்தைகளின் கற்றலை வெகுவாக உயர்த்திக் காட்டியதையும், பின்தங்கிய குழந்தைகள் அந்தப் புள்ளிவிவரத்தில் பெருமளவு மறைந்துபோனதையும் அபிஜீத் சிங் வெளிக்கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டில் இதன் வடிவம் ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’. மெல்லக் கற்போர் என்று பிரிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு, ஒரு மதிப்பெண் வினாக்களின் மனப்பாடம், 35 மதிப்பெண்ணைத் தொடுவதற்கான சிறப்பு வகுப்பு. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்மீது எல்லாக் கவனமும் குவிகிறது. வெகு கீழே இருப்பவர் பத்தாம் வகுப்புக்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்படி நயமாகச் சொல்லப்படுவதும் நடக்கிறது. பள்ளியின் விழுக்காடு உயர்கிறது. ஒரு பிள்ளை பள்ளியை விட்டே போயிருக்கிறான். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் முறையை 2017-ல் தமிழ்நாடு அரசு கைவிட்டது நல்ல முடிவு. மாணவருக்கு நீங்கிய அந்தப் பந்தயம் பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் இன்னும் நீங்கவில்லை.

2009-ம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக நடந்த பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்று, 74 பங்கேற்பாளர்களின் பட்டியலில் கிட்டத்தட்ட கடைசியில் நின்றன. நாட்டில் நடந்த விவாதமெல்லாம் அந்த இடத்தைப் பற்றியும் கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாதவை என்பதைப் பற்றியும்தான். அதன்பின் நடந்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒரு பத்தியைப் படித்து அதிலிருந்து தாமாக ஒரு முடிவுக்கு வரத் திணறினார்கள் என்ற செய்தி, பட்டியலைப் பற்றிய சச்சரவில் காணாமல் போனது. அது பாடநூல் எழுதுபவருக்கும் வினாத்தாள் அமைப்பவருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய செய்தி.

எனவே இரண்டு வகைத் தரவுகளையும் தனித்தனியே வைக்க வேண்டும். ஆசிரியர் தன் வகுப்பைத் தெரிந்துகொள்ள எடுக்கும் தரவு பள்ளிக்குள்ளேயே நிற்கட்டும். அதை மேலே அனுப்பவோ மாவட்டவாரியாகக் கூட்டவோ வேண்டாம். ‘என் வகுப்பில் 14 பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை’ என்று ஆசிரியர் தைரியமாக எழுத முடிகிற பள்ளியில்தான் அந்த எண்ணிக்கை குறையும். அரசுக்குத் தேவையான மாநில நிலவரத்தை, வெளியாட்களைக் கொண்டு நடத்தும் மாதிரி ஆய்விலிருந்து பெறலாம். இப்போது நடப்பது வேறு. ஒவ்வொரு வளரறி மதிப்பீட்டையும் ஒவ்வொரு குழந்தைக்கும் செயலியில் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. கற்பிக்கும் நேரம் பதிவேற்றத்தில் கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. கைப்பேசித் திரையில் 30 குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் அதே நேரத்தில் ஒரு குழந்தையின் வாசிப்பைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது.

ஆசிரியர் பயிற்றுநர்களின் பணியும் இதையொட்டி மாற வேண்டும். கென்யாவில் 2015 முதல் நடைமுறைக்கு வந்த துசோமே திட்டத்தில், பள்ளிக்கு வரும் பயிற்றுநர் வகுப்பைப் பார்த்த பின் சில குழந்தைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதை வைத்தே ஆசிரியரிடம் அன்றைய பாடத்தைப் பற்றிப் பேசினார். பதிவேடுகளைச் சரிபார்க்க வரும் அலுவலரைவிட, குழந்தையின் குரலைக் கேட்டுவிட்டு ஆசிரியரோடு பேச உட்காரும் அலுவலரை எந்தப் பள்ளியும் வரவேற்கும்.

பெற்றோருக்குப் போகும் செய்தியும் மாற வேண்டியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ‘உங்கள் பிள்ளை 48 மதிப்பெண்’ என்றால், கட்டட வேலையை விட்டுவிட்டு வந்த தாய் தலையாட்டிவிட்டுப் போவார். ‘உங்கள் மகள் கதையைத் தானே வாசிக்கிறாள், கழித்தல் வருகிறது, வகுத்தல் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்’ என்றால் அடுத்த மாதம் அவரே வந்து கேட்பார்.

பள்ளி அளவில் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது. செப்டம்பர் இறுதியில் காலாண்டுத் தேர்வு முடிகிறது. விடைத்தாள் திருத்திய வாரத்திலேயே ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார்ந்து, தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்காமல் கேள்வி வரிசையில் பார்க்க வேண்டும். பாடத்துக்கு இரண்டு இடறல்களைத் தேர்ந்தால் போதும். பத்தைத் தேர்ந்தால் ஒன்றும் நடக்காது. அக்டோபரில் பள்ளி திறந்ததிலிருந்து தினமும் அரை மணி நேரம், கால அட்டவணையிலேயே ஒதுக்கி, வகுப்பு எல்லையைக் கலைத்து, ஒரே இடறல் உள்ளவர்களை ஒன்றாக அமர்த்தலாம். நான்காம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருவதில் கூச்சம் வரும். அதனால் குழு நிரந்தரமாக இருக்கக் கூடாது; கற்றுக்கொண்டவர் அந்த வாரமே எழுந்து அடுத்த குழுவுக்குப் போக வேண்டும். தலைமையாசிரியரின் மேசையில் இருக்க வேண்டியது இந்தப் பெயர்ப் பட்டியல்தான், பென்சிலால் எழுதியது, வாராவாரம் அழித்துத் திருத்துவதற்கு.

டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன், அதே குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து 71-லிருந்து 48-ஐக் கழிக்கச் சொல்ல வேண்டும். 23 சரி. 37 என்று எழுதினால் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை; 33 என்றால் கடன் கொடுத்த எண்ணைக் குறைக்க மறந்திருக்கிறது. காலாண்டுத் தேர்வில் 36 எழுதியவர்களில் எத்தனை பேர் இப்போது 23 எழுதுகிறார்கள், இன்னும் 37 எழுதுபவர்கள் யார் யார், அவர்கள் அந்த அரை மணி நேரத்துக்கு எத்தனை நாள் வந்திருந்தார்கள் என்று பார்த்து ஜனவரிக்கான பட்டியலை எழுதலாம்.